வரும், வராது

நோன்பு இருபத்தொன்று.
குடோனில் விரலி எண்ணூறு மூட்டை,
கிழங்கு இருநூற்றுப் பத்து.
வாங்கும்போது குவிண்டால் ஏழாயிரம்,
ஈரோட்டில் இன்றைக்குப் பதிமூன்று.

"எந்த விலை போடறதுங்க?" என்றேன்.
"இன்னைக்கு வெலைதான்" என்றார் மீரான் ராவுத்தர்.
"கேக்கறவன்
வாங்கின சீட்டையா பாக்கப் போறான்?"

வெலை ஏறினதுக்கு அபராதமாண்ணா என்றான் மகன் அஸ்கர்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

நாற்பதில் ஒன்று.
அவருடைய வேதம் பொருளை வேண்டாம் என்பதில்லை,
அழுக்குப் படிந்திருக்கிறது, கழுவிக்கொள் என்கிறது.
எங்கள் பக்கம் வேறு மாதிரி.
காசைச் சேறு என்று கோயில் மைக்கில் பாடுவோம்.
வீட்டுக்கு வந்து
அந்தச் சேற்றிலேயே தாமரை நட்டு
அதன்மேல் அவளை உட்காரவைத்து
இரும்புப்பெட்டிக்குச் சந்தனம் பூசுவோம்.
பதினெட்டு வருசமாக இரண்டு பக்கமும்
கூட்டிப் பார்க்கிறேன்.
டேலி ஆனதில்லை.

சரக்கு முடிந்தது. ரொக்கம் முடிந்தது.
பாக்கி நோட்டை எடுத்தேன்.

வெளியே நிற்கிற கடனில்
திரும்புமென்று நம்புகிற பணத்துக்குத்தான் பங்கு.
போனது போனதுதான், அதற்கில்லை.
நான் பேரை வாசிக்க வேண்டும்,
அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

"நசியனூர் குழந்தைசாமி, ஒன்று இருபது."
"வரும்."
"கொடுமுடி பாவாயம்மா, முப்பத்தஞ்சு."
"மாட்டை வித்துப்போட்டாங்களாமா. ம்... வரும்."
"அவல்பூந்துறை நல்லசிவம்."
போன தையில், வெந்த மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்தவர்
களத்திலேயே சாய்ந்துவிட்டார்.
ராவுத்தர் தலையசைத்தார். அடித்தேன்.
பேரின் மேல் பேனா போகையில்
தாள் கொஞ்சம் கிழிந்தது.

"மொடக்குறிச்சி ரைஸ்மில், நாலு லட்சம்."
"வராதுன்னே எழுதுங்கண்ணா.
ரெண்டு வருசமா போனே எடுக்கறதில்ல."
"இருக்கறவன்தானே?" என்றார் ராவுத்தர்.
"இருக்கறவன்தான் அத்தா. தரமாட்டான்."
விசிறிக் காற்றில் மஞ்சள் தூசி சுற்றியது.
வறண்ட உதட்டை நாவால் தடவிக்கொண்டார்.
"வராதுன்னா பத்தாயிரம் மிச்சம்.
அந்தப் பத்தாயிரத்துக்கு
ஒருத்தனைத் திருடன்னு நம்ம நோட்டுல எழுதோணும்.
தள்ளி வையுங்க. ஹஜ்ரத்துகிட்டக் கேட்டுக்கறேன்."

இத்தனை வருசம் எழுதியும்
அன்றைக்குத்தான் உறைத்தது.
சரக்குக்கு மட்டுமில்லை,
'வரும்' என்கிற சொல்லுக்கும்
இந்த மனுசன் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்.

பக்கம் புரட்டினேன்.
வாய் வரவில்லை.

"ம்?"

"சென்னியப்பன். நாப்பதுங்க."

சம்சாரத்தின் ஆபரேஷனுக்கு வாங்கியது.
மூன்று தீபாவளி போய்விட்டது.
அவர் கேட்டதில்லை, நான் பேச்செடுத்ததில்லை.
இனிக் கேட்கமாட்டார் என்று
மனசுக்குள் எப்போதோ அடித்துவிட்டிருந்தேன்,
தாள் கிழியாமல்.

அஸ்கர் போனிலிருந்து நிமிரவில்லை.
ராவுத்தர் என்னைப் பார்க்கவில்லை.
வாசலில் வெயில் எதுவரை இறங்கியிருக்கிறது என்று
பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வரும். அடுத்தது."

ஆயிரம் ரூபாய்.
என் கையாலேயே எழுதினேன்.
கருங்கல்பாளையத்தில் யாரோ ஒருத்தி வீட்டில்
அது அரிசியாகும், பிள்ளைக்கு மருந்தாகும்.
எதனால் வந்ததென்று அவளுக்குத் தெரியாது.

தூக்குப்போசியில் நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொடுத்தார்,
வழக்கம்போல.
வண்டியில் மாட்டிக்கொண்டு பள்ளிபாளையம் திரும்பினேன்.
காவிரிப் பாலத்தின் நடுவில் நெரிசல்.
நாற்பதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தேன்,
நாலு ரூபாய் மிச்சம் நின்றது.
எதற்கு வகுக்கிறேன்?
பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில்,
சித்திரையில் எடுத்த சீட்டுப்பணம்
அறுபதாயிரம்
அப்படியே கிடக்கிறது.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.
கஞ்சி தளும்பிக் கால்மேல் கொட்டியது.

இருக்கறவன்தானே?